லேப்டாப் கீழே விழுந்ததா? பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்

சார்ஜர் ஒயரில் யாரோ ஒருவர் கால் மாட்டும். மேசையிலிருந்து லேப்டாப் தரைக்கு வரும். ஓடிப்போய் எடுப்போம், மூலைகளைத் தடவிப் பார்ப்போம், திரை உடையவில்லை என்றதும் ஒரு பெருமூச்சு. அப்புறம் பவர் பட்டனை அமுக்குவோம். இதில் தவறு கடைசி வேலைதான்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அடிபட்ட பிறகு அதை எத்தனை முறை ஆன் செய்யலாம் என்பதற்கு ஒரு கையிருப்பு உண்டு. அது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாது. நூறாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் எதற்காக ஆன் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்தக் கையிருப்பை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் லேப்டாப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: வேறு எங்கும் நகல் இல்லாத எதாவது இதற்குள் இருக்கிறதா? இல்லை என்றால் கவலையே வேண்டாம், இஷ்டம்போல் நோண்டலாம். போனால் ஒரு டிஸ்க்தான். இருக்கிறது என்றால் வரிசைப்படி வாருங்கள். இன்னொன்று, பேட்டரி பக்கம் உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, இனிப்பான ரசாயன வாசம் வந்தாலோ சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம்.

விழும்போது உள்ளே என்ன நடக்கிறது

லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. அதாவது நொடிக்கு 90. முக்கால் மீட்டர் உயர மேசையிலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 0.4 நொடி. விழுகிற நேரத்துக்குள், தகவல் பதிந்திருக்கும் வட்டத் தட்டு முப்பத்தைந்து தடவை சுற்றிவிடுகிறது. அந்தத் தட்டின் மேல், தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில், தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதந்துகொண்டிருக்கிறது. தலைமுடியின் பருமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு நெருக்கம் என்று புரியும்.

டைல்ஸ் தரையில் மோதும்போது ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் 750 மடங்கு. லேப்டாப்பின் உடலும் டிஸ்க்கைச் சுற்றியுள்ள ரப்பரும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி டிஸ்க்குக்குப் போகும். இந்த 2.5 அங்குல டிஸ்க்குகளின் விவரத்தாள்களைப் பார்த்தால், ஓடும்போது 350, 400 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் ஒரு மடங்கு) வரையும், நின்றிருக்கும்போது 1000 ஜி வரையும் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதனால்தான் விழும்போது ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா என்பது இவ்வளவு முக்கியம். ஆஃபிலோ ஸ்லீப்பிலோ இருந்திருந்தால் ஹெட் தட்டை விட்டு விலகி, ஓரத்திலுள்ள சரிவு மேடையில் ஏறி நின்றிருக்கும். பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

விழுவதை உணர்ந்து ஹெட்டை ஒதுக்கும் சென்சார் சில மாடல்களில் உண்டு. ஐபிஎம் 2003-லும் ஆப்பிள் 2005-லும் தங்கள் லேப்டாப்களில் இதைக் கொண்டுவந்தன. இருந்தால் நல்லது. ஆனால் கட்டிலிலிருந்து சரிந்து ஒரு பக்கம் மட்டும் பட்டென்று அடிபடும்போது, அது முழுதாக விழுவதாகவே சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

காதால் ஒரு சோதனை

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். டிவி ஓடினால் அதையும். லேப்டாப்பை அசையாத மேசையில் வைத்து, கை வைக்கும் பகுதியில் காதை ஒட்டிக்கொண்டு பவர் பட்டனை அமுக்குங்கள். விரல் பட்டன் அருகிலேயே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நொடி போதும். ஆரோக்கியமான டிஸ்க், மெல்ல ஏறும் ஒரு 'ஸ்ஸ்' ஒலியுடன் சுற்றத் தொடங்கி, ஓரிரு மெல்லிய டிக் போட்டு, சீரான முனகலில் நின்றுவிடும். வேறு மாதிரி கேட்டால் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுங்கள். இந்த நேரத்தில் முறைப்படி ஷட்டவுன் கொடுத்து மரியாதை காட்டத் தேவையில்லை.

என்ன கேட்டது என்பதைப் பொறுத்து மேற்கொண்டு போகலாம்.

'கிளிக்... கிளிக்... கிளிக்' என்று ஒரே தாளம்

ஹெட் அடிபட்டிருக்கிறது. தட்டில் தன் இடம் எது என்று காட்டும் குறிகளை அதனால் படிக்க முடியவில்லை. தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, ஆரம்ப இடத்துக்குத் திரும்புகிறது, மறுபடி தேடுகிறது. அந்தத் திரும்பல்தான் கிளிக். வளைந்த ஹெட் ஒவ்வொரு தேடலிலும் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டலாம். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தகவல் எந்தத் தகவல் மீட்பு லேபுக்குப் போனாலும் திரும்பாது.

வீட்டில் செய்ய எதுவும் இல்லை. அணைத்து வைக்க வேண்டியதுதான். எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான்கு ஆடியோக்கள். "முதல் மூணும் சரியா கேட்கல, அதான் திரும்பத் திரும்ப ஆன் பண்ணி எடுத்தேன்" என்றார். எனக்கு முதல் நொடியிலேயே கேட்டுவிட்டது. மீதி மூன்று தடவையும் வீண் செலவு.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் ஐஸ் வாட்டர் டம்ளரில் வியர்ப்பதுபோல் டிஸ்க்கிலும் ஈரம் படியும். ஹெட் மிதக்க வேண்டிய அந்த நானோமீட்டர் இடைவெளியில் ஈரம் படிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்ப்பதும் இதே ரகம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை யூஎஸ்பியில் செருகும்போது கிளிக் கேட்டால், அது மின்சாரம் போதாமல் எழும் சத்தமாகவும் இருக்கலாம். பழைய யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். சுற்றத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கும். நீளமான மலிவு கேபிளும் இதே வேலையைச் செய்யும். குட்டையான நல்ல கேபிளில், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் கிளிக் என்றால் முடிந்தது, கழற்றுங்கள்.

மெல்லிய 'பீப்', அல்லது கொசு மாட்டிக்கொண்டதுபோல் உறுமல்

டிஸ்க்குக்குள் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. சுற்ற முயன்று சுற்ற முடியாத மோட்டாரின் ஒலி அது. விழுந்த வேகத்தில் ஹெட் தட்டின் மேல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மோட்டாரின் அச்சு பிடித்துக்கொண்டிருக்கும். முதல் வகை என்றால் லேபில் நன்றாகவே மீட்கிறார்கள், தட்டு இன்னும் சுரண்டப்படவில்லை என்பதால். மூடியைத் திறந்து விரலால் ஹெட்டை நகர்த்தும் வீடியோக்கள் இருக்கின்றன. அதைச் செய்பவர் தன் டிஸ்க்கில் செய்கிறார். உங்கள் கல்யாணப் போட்டோ அதில் இல்லை.

உரசல், அரைக்கும் சத்தம்

ஒரு வினாடி கூட யோசிக்காமல் அணைக்க வேண்டிய சத்தம் இது. அணைத்த லேப்டாப்பை மெல்லச் சாய்க்கும்போது டிஸ்க் இருக்கும் இடத்தில் கற்கண்டு குலுங்குவதுபோல் கேட்டால் செய்தி இன்னும் மோசம். பல 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனது, அது நொறுங்கியிருக்கும். அப்படியானால் லேபுக்குப் பணம் கட்டுவதிலும் அர்த்தமில்லை.

சத்தமே இல்லை, டிஸ்க்கும் தெரியவில்லை

பயப்பட வைக்கும் நிலைதான். ஆனால் நான் பார்த்தவற்றில் மிகச் சாதாரணமாக முடிந்தவை இதில்தான் அதிகம். எச்பி லேப்டாப்பில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்', கீழே 3எஃப்0 என்று வரும். மற்றவற்றில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி.

பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இருப்பது ரிப்பன்போல் ஒரு பட்டைக் கேபிள். விழுந்த அதிர்ச்சியில் டிஸ்க் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், தொடர்பு விட்டுப்போகும். என் அக்கா மகனின் லேப்டாப்பை இப்படித்தான் திறந்தேன். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இரண்டு நாள். பையன் முகத்தில் ரத்தமில்லை. அடிமூடியைக் கழற்றியதும் முதல் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: பட்டைக் கேபிளின் ஒரு முனை நேராக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் மேலே தூக்கியிருந்தது. செம்பு நிறத்தில் ஒரு கோடு வெளியே எட்டிப் பார்த்தது. பூட்டுபோல் இருக்கும் கறுப்பு நாக்கு பாதி திறந்திருந்தது. நாக்கை நகத்தால் முழுதாகத் திறந்து, கேபிளை நேராக உள்ளே தள்ளி, மறுபடி அழுத்தினேன். அவ்வளவுதான். "மாமா, இதுக்கா ராத்திரி பூரா அழுதேன்?" என்றான்.

நீங்களே செய்வதானால் சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும். எது எங்கே என்று ஒரு தாளில் படம் போட்டு அதன் மேலேயே வைத்துவிடுவது நல்லது. நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் புடைத்துவிடும். டிஸ்க்கை எடுத்துத் தங்க நிறத் தொடுமுனைகளைப் பார்த்து, திரும்பச் செருகி, கேபிளின் இரண்டு முனைகளையும் அழுத்துங்கள். பட்டையில் மடிப்போ கிழிசலோ இருந்தால் அந்த மாடலுக்கான கேபிளைத் தனியாகவே வாங்கலாம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

அதற்கும் தெரியவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கேபிளில் இன்னொரு கணினியில் போட்டுப் பார்க்கலாம். அங்கே வந்தால் கோளாறு லேப்டாப் பக்கம். வந்தவுடன் விண்டோஸ், 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று கேட்டால் கேன்சல். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்தான்.

அங்கேயும் சத்தமில்லை என்றால் டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சைப் போர்டில் அடி. அதே மாடல் டிஸ்க் வாங்கிப் போர்டை மாற்றலாமே என்று தோன்றும். பழைய காலத்து டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய போர்டில், அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் ஹெட்டுக்கென்றே தொழிற்சாலையில் எழுதப்பட்ட அளவீடுகள் ஒரு சின்ன எட்டுக்கால் சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்றிச் சால்டர் வைக்காமல் வேலைக்காகாது. கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை

பயாஸில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாக இருக்கிறதா பாருங்கள். 1 டிபி டிஸ்க் 0 என்றோ, பெயருக்குப் பதில் குப்பை எழுத்துகளாகவோ காட்டினால் டிஸ்க் தன் உள் நிரலையே படிக்க முடியாமல் இருக்கிறது. கிளிக் கேட்டதற்குச் சமமாகவே இதையும் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

எல்லாம் சரி என்றால் விண்டோஸ் இருக்கும் பகுதியில் சில செக்டார்கள், அதாவது தகவல் பதியும் சின்னச் சின்னக் கட்டங்கள், கெட்டிருக்கலாம். திரையில் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' ஓடத் தொடங்கும். ஓட விடாதீர்கள். ரிப்பேர் என்பது டிஸ்க்கில் எழுதுவது. அடிபட்ட டிஸ்க்கில் எழுதக் கூடாது. டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் அப்படித்தான். நல்ல டிஸ்க்கில் பயனுள்ள கருவி, அடிபட்டதில் கோப்புகளின் தலையெழுத்தையே மாற்றி எழுதிவிடும்.

இன்னொரு கணினியில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து, நிறுவாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள் டிஸ்க் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் அடுத்த பகுதியில் சொல்லும் வரிசையில் நகலெடுங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரக்கூடும். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் செருகினாலோ பென்டிரைவிலிருந்து பூட் செய்தாலோ 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மொபைலிலிருந்தே நுழைந்து பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். லேபுக்கு அனுப்பினாலும் இந்தச் சாவி இல்லாமல் அவர்கள் மீட்டுத் தருவது வெறும் எண் குவியல்தான்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

ஏமாற்றும் அறிகுறி என்றால் இதுதான். "விழுந்துச்சு, ஆனா ஒண்ணும் ஆகல, கொஞ்சம் ஸ்லோ" என்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் எல்லாம் உறைந்து நிற்கும். கெட்ட செக்டார் ஒன்றை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, விண்டோஸ் அதற்காகக் காத்திருக்கிறது. கையிருப்பு கரைவது இங்கேதான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். லேப்டாப் டிஸ்க்கிலேயே நிறுவ வேண்டாம், பென்டிரைவில் வைத்து இயக்குங்கள். பார்க்க வேண்டியது நான்கு வரிகள்தான். எண் 5, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, கைவிடப்பட்டவை. விழுந்த பிறகு 197 பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தால் அடி தட்டிலோ ஹெட்டிலோ பட்டிருக்கிறது. மாறாக 199 மட்டும் ஏறினால் கேபிள் கோளாறு, சந்தோஷப்படுங்கள். அந்த மென்பொருள் மூல எண்களைப் பதினாறடிமான (ஹெக்ஸ், 0 முதல் 9, ஏ முதல் எஃப்) முறையில் காட்டும், வரிசை எண்களையும் அப்படியே. 197 அங்கே சி5 என்றும் 199 அங்கே சி7 என்றும் இருக்கும். விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் எண் 7 கொண்ட பதிவுகள் வந்திருந்தாலும் கெட்ட செக்டார் என்றே அர்த்தம்.

இந்த எண்களைத் தினமும் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு முறை பார்த்ததும் நகலெடுக்கத் தொடங்குங்கள். மொத்த டிஸ்க்கையும் இழுத்துப் போடாமல் விலைமதிப்பில்லாதவை முதலில்: ஆவணங்கள், தீசிஸ், கணக்குக் கோப்புகள். அவை சிறியவை, நிமிடங்களில் முடியும். அடுத்து போட்டோக்கள். சினிமாவும் பாட்டும் கடைசி, அல்லது வேண்டவே வேண்டாம். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பல இடங்களில் நிற்கிறது என்றால் சாதாரண காப்பி பேஸ்ட் சரிப்படாது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்றொரு கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், எதெது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். நடுவே கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் போகும் டிஸ்க், மூலத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும். எது மூலம், எது நகல் என்பதைக் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இடம் மாறிவிட்டால் வெறும் டிஸ்க் உங்கள் தகவலின் மேல் எழுதப்படும், அதற்கு மருந்தில்லை. ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். அடிபட்டது நாள்கணக்கில் ஓடலாம். ஓடும்போது ஒரு ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். கிளிக் சத்தம் புதிதாகத் தொடங்கினால் பேராசைப்படாமல் நிறுத்திவிடுங்கள்.

ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்களை ஓட்டுவதென்றால் நகலின் மேல் ஓட்டுங்கள், அடிபட்ட டிஸ்க்கின் மேல் அல்ல.

எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது

அப்படியே இருக்கலாம். ஆனாலும் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். ஹெட் ஒரு முறை தட்டைத் தொட்டு எழுந்திருந்தால் நுண்ணிய துகள்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்துக் கெடுவது அதனால்தான். எச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 வழியாக வரும் முழு டிஸ்க் சோதனையைப் பேக்கப் எடுத்த பிறகே ஓட்டுங்கள். அது டிஸ்க்கை முழுதாகப் படித்துப் பார்க்கும் கடும் வேலை.

எஸ்எஸ்டி என்றால்

சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் இதில் ஓடும் பாகம் எதுவும் இல்லை, விழுந்ததால் தகவல் போவது அபூர்வம். தெரியவில்லை என்றால் மூடியைத் திறந்து, பபுள்கம் பட்டைபோல் இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியின் ஒற்றை ஸ்க்ரூ கழன்றிருக்கிறதா பாருங்கள். திரும்பச் செருகி ஸ்க்ரூவைப் போட்டால் பெரும்பாலும் போதும். சில லேப்டாப்களில் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டுமே இருக்கும். விண்டோஸ் வேகமாக வருவதை நம்பி, டி டிரைவிலுள்ள சுழலும் டிஸ்க்கை மறந்துவிடாதீர்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் விழுந்து அதன் யூஎஸ்பி வாய் மட்டும் உடைந்திருந்தால், பெட்டியைத் திறந்து உள்ளேயுள்ள டிஸ்க்கை எடுத்துச் செருகலாம் என்ற யோசனை சிலவற்றில்தான் பலிக்கும். சிலவற்றில் யூஎஸ்பி வாயே டிஸ்க்கின் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

லேபுக்குப் போவதென்றால்

தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் திரை மாற்றுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். "குடுங்க, திறந்து பார்த்துச் சொல்றேன்" என்றால் மட்டும் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மூடியைத் தூசியில்லா அறையில்தான் திறக்க வேண்டும். அப்படி அறை இருக்கிறதா, மீட்க முடியாவிட்டாலும் கட்டணம் உண்டா, டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். ஹெட் மாற்ற அதே மாடல் டிஸ்க் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும் என்பதால் செலவு சமயத்தில் லேப்டாப் விலையையே தொடும். கீழே விழுந்தது, எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். அனுப்பும்போது டிஸ்க்கை மட்டும் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, நாலா பக்கமும் இரண்டு அங்குலம் மெத்தென்று இருக்கும்படி பெட்டியில் வையுங்கள். கூரியரில் இன்னொரு முறை விழாது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அந்த நான்கு ஆடியோ நண்பரின் டிஸ்க்கிலிருந்து பாதிக்கு மேல் கிடைத்தது. ஒரு பக்கத் தட்டு சுரண்டப்பட்டிருந்ததாம். மீண்டு வந்த பிறகு அந்த டிஸ்க்கை 'படம் மட்டும் போட்டு வச்சுக்கலாமே' என்று கேட்டார். நான் வாங்கிப் பிரித்துவிட்டேன். உள்ளே இருந்த இரண்டு காந்தங்களும் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், ஈபி கார்டைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன.